கறுப்பு, அடர்த்தி, அலை அலை

இந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடட்டுமா அக்கா? புழுக்கம்தான், எனக்கும் தெரிகிறது. ஆனால் தரங்கம்பாடி வந்தால் கடற்காற்று அடிக்கும், தலை கலைந்துவிடும். புதுச்சேரி போய்ச் சேரும்வரை இந்தப் பின்னல் இப்படியே இருக்க வேண்டும். இன்றைக்கு எனக்கு அங்கே பிரெஞ்சு ஆபீஸில் நேர்காணல்.

வேலைக்கு இல்லை. கல்யாணத்துக்கு.

சிரிக்காதீர்கள். காரைக்காலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. அதனால் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே அவரை அங்கே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள், என்னை இங்கே உட்கார வைத்துக் கேட்டார்கள். நிஜக் கல்யாணமா, விசாவுக்காகச் செய்யும் பொய்க் கல்யாணமா என்று பார்க்கத்தான். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும்.

எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. அதனால்தான் இன்றைக்கு மறுபடியும். இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். நிச்சயதார்த்தப் புடவையை என்ன செய்வது என்று அம்மா இப்போதே அழ ஆரம்பித்தாயிற்று.

தப்பு என்னுடையது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரெஞ்சு முசேயுடையது, சபுரா என்று ஒருத்தி இருக்கிறாள் அவளுடையது, அந்த ஆபீஸ்காரியுடையது. கொஞ்சம் அவருடையதும்தான், ஆனால் பக்தியால் வந்த தப்பு, அதைத் தப்பு என்று சொல்லக் கூடாது.

நான் யாரிடமும் இப்படிப் பேசுகிறவள் இல்லை அக்கா. கல்லூரியில் என்னை ஊமை என்றே நினைத்துக்கொண்டிருந்த லெக்சரர் உண்டு. பேசாதவளுக்குக் கண் அதிகம். எதையும் பார்த்துவிடுவேன். நீங்கள் ஏறும்போதே பார்த்தேன், உங்கள் வலது கம்மலின் திருகு பழசு, இடது கம்மலின் திருகு புதுசு. தொலைந்து போய் மாற்றியிருக்கிறீர்கள். சரிதானே? பார்த்தீர்களா.

நிச்சயம் ஆனதுமே பிரெஞ்சு படிக்க அனுப்பினார்கள். மருந்துக்கடை மாடியில் லூர்துநாதன் முசே நடத்தும் வகுப்பு. பிரெஞ்சு வாத்தியாரை எங்கள் பக்கத்தில் முசே என்றுதான் சொல்வோம். வயது எழுபதுக்கு மேல். தலைக்கு மை அடித்துக்கொண்டு வருவார். சட்டைக் காலரின் உள்பக்கம் கறுப்பாக ஒரு கோடு இருக்கும், வகுப்பில் என்னைத் தவிர ஒருவர்கூட அதைக் கவனித்ததில்லை. வகுப்பிலும் யார் இருக்கிறார்கள் என்கிறீர்கள்? எல்லாம் என்னைப் போல் மாப்பிள்ளைக்காகவோ புருஷனுக்காகவோ வந்தவர்கள். படிப்பு என்று பார்த்தால் எம்.எஸ்ஸி. நான் ஒருத்திதான். என் பக்கத்தில் உட்காருகிறவள் சபுரா. முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள், புருஷன் அங்கே ஏதோ ஓட்டலில் இருக்கிறாராம். சிரித்தாளென்றால் கீழே மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். கையில் எப்போதும் ஒரு டப்பாவில் ஏதாவது தின்பதற்கு. அவளிடம் எனக்கு என்ன பேச்சு? ஆனால் அவள் விடமாட்டாள். "என்னா புள்ள, வாயில கொழுக்கட்டையா?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் முசே பலகையில் ஒரு பெண்ணின் தலையை வரைந்தார். பூசணிக்காய் மாதிரி இருந்தது. "இன்னைக்கு முடி. மனுஷனை அடையாளம் சொல்ல மொதல்ல முடி. நேர்காணல்ல அவர் எப்படி இருப்பாருன்னு கேட்டா முடியில ஆரம்பிங்க" என்றார். இந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்த பஸ்ஸில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

முடிக்கு அவர்கள் வைத்திருக்கும் வார்த்தைகளைக் கேளுங்கள் அக்கா. முதலில், முடி என்பதே அவர்களுக்குப் பன்மை. ஷ்வே. முடிகள் என்றுதான் சொல்ல வேண்டுமாம். வீட்டில் வந்து சொன்னேன். "ஒன் தலைக்கு அது சரிதான், எண்ணிச் சொல்லிடலாம்" என்றாள் அம்மா. அப்புறம் நிறம். மஞ்சள் முடிக்கு ஒரு வார்த்தை, செம்பட்டைக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் ஒரு பிள்ளைக்குத் தலை செம்பட்டையாக இருந்தால் பெற்றவளைத் திட்டி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வருவார்கள். அங்கே அதுதான் அழகாம், ரூ என்று அதற்குத் தனியாக ஒரு பெயர். ஷத்தேன் என்று இன்னொரு நிறம். ஏதோ கொட்டையின் நிறமாம். அந்தக் கொட்டையை முசேயே பார்த்ததில்லை. கேட்டால், "புளியங்கொட்டைன்னு வச்சிக்கங்க" என்கிறார். புளியங்கொட்டை நிறத்தில் தலை! அறை முழுக்கக் கறுப்புத் தலையாக உட்கார்ந்துகொண்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து, "உனக்கு மஞ்சள் முடி, எனக்குப் புளியங்கொட்டை முடி" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கறுப்புக்கு என்ன முசே என்று நான்தான் கேட்டேன், மெதுவாக. நுவார் என்றார், ஏதோ போனால் போகிறது என்பது போல.

ரேத் என்றால் கோரைமுடி. ஃப்ரிசே என்றால் சுருட்டை. ஓந்துலே என்றால் அலை அலையாக இருப்பது. எப்பே என்றால் அடர்த்தி. ஷோவ் என்றால் வழுக்கை. பரட்டைக்கு என்ன என்று சபுரா கேட்டாள். முசே அகராதியைப் புரட்டினார், கிடைக்கவில்லை. ஏறுநெற்றிக்கு? இல்லை. இளநரைக்கு? இல்லை. "அப்ப நம்ம தெருவுல பாதிப் பேரை அங்க கூட்டிட்டுப் போவ முடியாது முசே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்க வந்த இடத்தில் என்ன கூத்து?

பக்கத்தில் இருப்பவரின் முடியைச் சொல்லுங்கள் என்றார் முசே. சபுரா முக்காடு போட்டிருப்பவள். நான் என்ன சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். "எது வேணும்னாலும் சொல்லு புள்ள, யாரு அவுத்துப் பாக்கப் போறா? முழங்கால் வரைக்கும்னு சொல்லு" என்றாள். அவள் என்னைச் சொல்லும் முறை வந்தது. என் தலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், "மிருதுவான முடி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய இரக்கம் யாருக்கு வேண்டும்?

என் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை அல்லவா. கார்குழலி. ஆமாம், மேகம் போன்ற கூந்தலை உடையவள். அப்பா தமிழில் ஆசைப்பட்டு வைத்த பெயர். வைத்துவிட்டு அதற்கேற்ற முடியைத் தர மறந்துவிட்டார்கள். அம்மாவுக்கு எலிவால், அவள் அம்மாவுக்கும் எலிவால், எனக்கும் அதே. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது என் பெயர் வந்ததும் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அது ஒருநாளும் தவறியதில்லை. நான் பேசாமல் போனதே அதனால்தானோ என்று தோன்றும். "உள்ளேன் ஐயா" என்று சொல்லக்கூட வாய் வராது.

அதனால்தான், பெண் பார்க்க அவர் வந்து உட்கார்ந்தபோது நான் வேறு எதையும் பார்க்கவில்லை. நிறம் பார்க்கவில்லை, உயரம் பார்க்கவில்லை. என்ன முடி அக்கா! கறுப்பு, அடர்த்தி, அலை அலையாக வாரிவிட்டது மாதிரி. பாரிசுக்குப் பக்கத்தில் விமான நிலையத்தில் வேலை. தண்டபாணி என்று பெயர். அப்பா வேலை, குடியுரிமை, வீடு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் அம்மாவிடம், "சரின்னு சொல்லிடும்மா" என்றேன். என் பிள்ளைகளுக்காவது அந்த முடி வரட்டும். ஒரு பெண் குழந்தை பிறந்து, அவளுக்கும் குழலி என்று பெயர் வைத்து, வகுப்பில் கூப்பிட்டால் ஒருவரும் சிரிக்காமல் இருக்க வேண்டும். நான் இந்தக் கல்யாணத்தில் கேட்பது அவ்வளவுதான். பாரிசு எல்லாம் அம்மாவின் ஆசை.

அவர் வீட்டில் வேறு யாருக்கும் அப்படி முடி கிடையாது. அதுதான் ஆச்சரியம். அவர் அப்பாவுக்கு வழுக்கை, இரண்டு அண்ணன்களுக்கும் சுத்த வழுக்கை. தாய்மாமன் வழியில் வந்திருக்கும் என்று நினைத்தேன், நிச்சயத்துக்கு வந்தார், அவருக்கும் ஒன்றுமில்லை. இவருக்கு மட்டும் கடவுள் அள்ளிக் கொடுத்திருக்கிறார். கிருதா ஓரத்தில் கொஞ்சம் நரைத்திருக்கிறது, நான் பார்த்துவிட்டேன், ஆனால் மேலே ஒரு நரை கிடையாது. வேர் அவ்வளவு பலம்.

பராமரிப்பும் அப்படி. வந்து உட்கார்ந்ததும் காற்றாடியை நிறுத்தச் சொன்னார். மே மாதம், அக்கா! எங்களுக்கெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது. குளிர்நாட்டில் இருந்து பழகியவர், நம் காற்றாடி ஒத்துக்கொள்ளவில்லை. கடற்கரைக்குப் போனோம், தொப்பி போட்டுக்கொண்டார், அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார். அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று அவர் அம்மா திருநள்ளாறு கூட்டிப் போனார்கள், நாங்களும் போனோம். நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகினால்தானே சனி விடும்? ஊர் உலகமே அங்கே வந்து முழுகுகிறது. இவர் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். அந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளாதாம். இரண்டு விரலால் தண்ணீரைத் தொட்டுப் புருவத்துக்கு மேல் ஒற்றிக்கொண்டார். அவர் அம்மாவும் வற்புறுத்தவில்லை, "விட்றா, விட்றா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டார்கள். நல்ல மாமியார். அந்தச் சனிதான் இன்றைக்கு எங்களைப் பிடித்து ஆட்டுகிறது.

அவர் திரும்பிப் போன பிறகு தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். அவ்வளவு மாதத்தில் முடி ஒரு நூல் கூடியதில்லை, ஒரு நூல் குறைந்ததில்லை. எப்போது வெட்டுகிறார், எப்போது வாருகிறார் என்றே தெரியாது. என் அண்ணன் மாதத்தில் பாதி நாள் கரடி மாதிரி இருப்பான். ஒழுங்கு என்றால் அது ஒழுங்கு.

சீர்காழியா இது? நின்றால் நிறைய நேரம் நிற்பான். வேர்க்கடலை வேண்டுமா? எனக்கு வேண்டாம், உதட்டுச் சாயம் போய்விடும்.

எங்கே விட்டேன்? வகுப்பு. அடுத்த நாள் ஒவ்வொருவரும் தங்கள் ஆளின் படத்தைக் கொண்டுவந்து முடியை வர்ணிக்க வேண்டும் என்றார் முசே. நான் எழுந்து நின்றேன் அக்கா. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வகுப்பில் நானாக எழுந்து நின்றேன். போனில் அவர் படத்தைக் காட்டி, "அவருடைய முடி கறுப்பு, அடர்த்தி, அலை அலையானது" என்று பிரெஞ்சில் ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னேன். முசே போனை வாங்கிக் கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார். "த்ரே பியென்" என்றார். ரொம்ப நன்று என்று அர்த்தம். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சபுரா போனைப் பிடுங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், நெற்றியும் முடியும் சேரும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். என்னிடம் கொடுத்துவிட்டு, சிரிக்காமல், நிஜமாகவே சிரிக்காமல், "முசே, டோப்பாவுக்கு பிரெஞ்சுல என்னா?" என்றாள்.

எங்கிருந்து எங்கே தாவுகிறாள் பாருங்கள்! ஒருத்தி எழுந்து நின்று வருங்காலப் புருஷனைப் பற்றிப் பேசுகிறாள், இவளுக்கு நாடகக்காரன் தலையில் மாட்டுவது ஞாபகம் வருகிறது. வகுப்பு அடக்க முடியாமல் சிரித்தது. முசே இருமினார். பலகையில் பெரூக் என்று எழுதினார். "எல்லாரும் எழுதிக்கங்க. தேவைப்படலாம்" என்றார். எல்லாரும் எழுதினார்கள். நான் எழுதவில்லை. எனக்கு எதற்கு டோப்பா? வீட்டுக்குப் போகும் வழியில் அவள் பின்னாலேயே வந்தாள். "புள்ள, அவர எண்ண தேச்சி குளிக்கச் சொல்லிப் பாத்திருக்கியா?" என்றாள். திருநள்ளாற்றுக் கதை இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கோபம். "உங்க வேலையப் பாருங்க" என்றேன். நான் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

முதல் நேர்காணலுக்கு அப்பாவோடு போனேன். உள்ளே ஓர் அம்மாள். அவள் தலையைப் பார்க்க வேண்டும் நீங்கள், ஆம்பிளை மாதிரி ஒட்ட வெட்டிய நரை. முடியைப் பற்றிக் கேட்க அவளுக்கு என்ன தகுதி? தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். பேர், ஊர், எப்படி அறிமுகம் எல்லாம் அவர் மூலமாகச் சொன்னேன். மாப்பிள்ளை பார்க்க எப்படி இருப்பார் என்று கேட்டதும், வேண்டாம், நானே சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன். கறுப்பு, அடர்த்தி, அலை அலை. முசேகூட அவ்வளவு சுத்தமாகச் சொல்லமாட்டார்.

அந்த அம்மாள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முக்கியமாக என் தலையைப் பார்த்தாள். "முடியை வெட்டிக்கொண்டாயா?" என்றாள். சும்மா பேச்சுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "இல்லை மதாம், ஒருநாளும் வெட்டியதில்லை" என்றேன். எழுதிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு படத்தை மேசையில் தள்ளினாள். ஒரு வழுக்கைத் தலையன். நாற்பது நாற்பத்தைந்து வயது சொல்லலாம். தலை பித்தளைச் சொம்பு மாதிரி மின்னுகிறது. "இவரைத் தெரிகிறதா?" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பொறி வைக்கிறாள்! எத்தனை பொய்க் கல்யாணம் பார்த்திருப்பாள், யார் படத்தையோ காட்டி, பெண் ஆமாம் என்று தலையாட்டுகிறாளா என்று பார்க்கிறாள். நான் சிக்குவேனா? "நோன், மதாம்" என்றேன். "நிச்சயமாக?" என்றாள். "நிச்சயமாக. இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். வெளியே வந்து அப்பாவிடம், "எல்லாத்தையும் கரெக்டா சொல்லிட்டேம்பா" என்றேன். அப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

நாலைந்து நாளில் அவர் போன் செய்தார். முகம் காட்டவில்லை, வெறும் குரல்தான்.

"என்னைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிட்டியாமே?"

"உங்க படத்தை எங்க காட்டினாங்க? யாரோ மொட்டைத் தலையன் ஒருத்தன் படத்தைக் காட்டி ஏமாத்தப் பாத்தாங்க. நான் விடுவேனா?"

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"அது என் பாஸ்போர்ட் படம்" என்றார். "அது… பழனிக்கு முடி எறக்கியிருந்தப்ப எடுத்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகம் அவர் முகமா என்று யோசித்தேன். மூக்கு அவர் மூக்குதான். முடி போனால் ஆள் எப்படி மாறிவிடுகிறார் பாருங்கள். வேலை அட்டையிலும் அப்படித்தான் இருக்குமாம், கார் ஓட்டும் லைசன்சிலும் அப்படித்தானாம். எப்போதெல்லாம் அரசாங்கம் படம் எடுக்கிறதோ அப்போதெல்லாம் அவர் பழனி போய் வந்திருக்கிறார். முருகனுக்கு இவ்வளவு முடி கொடுத்த பக்தர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். பெயரும் தண்டபாணி. இதைப் பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தால் நான் ஏன் அப்படிச் சொல்லியிருக்கப்போகிறேன்? தன் பக்தியை வெளியே சொல்லிக்கொள்ளாத மனிதர்.

உடனே அவர், "சரி, நீ ஏன் முடியை வெட்டினதே இல்லைன்னு சொன்ன? எங்க ஊர் மேரியில, அதான் முனிசிபாலிட்டி ஆபீஸ்ல, என்கிட்ட கேட்டப்ப, இடுப்பு வரைக்கும் கனமான பின்னல்னு சொல்லியிருக்கேன். அங்க வந்தது யாரோ குட்டை முடிப் பொண்ணுன்னு எழுதியிருக்காங்களாம்" என்றார்.

என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போயிற்று.

அது ஒன்றுமில்லை அக்கா. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா எனக்குச் சவுரி வைத்துப் பின்னிவிட்டாள். நிச்சயதார்த்தத்துக்கும் வைத்தாள். அதெல்லாம் எல்லா வீட்டிலும் செய்வதுதானே? அதை ஏமாற்று என்று யாராவது சொல்வார்களா? அதுவும் நல்ல முடியில் கட்டின சவுரி, என் முடியோடு ஒன்றாகக் கலந்துவிடும். அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர், நான் திரும்பி நடந்தபோது பார்த்திருக்கிறார். பார்த்ததை ஆபீஸில் போய்ச் சொல்வார் என்று யார் கண்டது? நானோ அந்த ஆபீஸுக்குச் சவுரி எதற்கு என்று எலிவாலோடு போய்விட்டேன்.

"டைபாய்டு வந்திச்சு. கொட்டிப்போச்சு" என்றேன்.

"ஐயோ, சொல்லவே இல்லையே. இப்ப எப்படி இருக்கு?"

"எண்ணெய் தடவிக்கிட்டு இருக்கேன். நேர்காணலுக்குள்ள வளந்துடும்."

"இடுப்பு வரைக்குமா?"

"எங்க வம்சத்துக்குச் சீக்கிரம் வளரும்."

நம்பிவிட்டார், பாவம். ஒரு கேள்வி இல்லை. ஆண்களை நம்ப வைப்பது எவ்வளவு எளிது என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கமாட்டார்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று அவரும் மறுபடி முடியிறக்க வேண்டிக்கொண்டார். அங்கேயே ஏதோ கோயில் இருக்கிறதாம். மொட்டையோடு படம் அனுப்பியிருக்கிறார், பாருங்கள். முதல் தடவை மொட்டை போட்டவர்கள் தலை வெளிறி, கத்தி பட்ட இடம் பச்சையாக இருக்கும். இவருக்கு நெற்றி என்ன நிறமோ தலையும் அதே நிறம். அடிக்கடி போட்டு வெயிலில் பழகிய தலை. ஓரத்தில் காதுக்கு மேலே மட்டும் பொடிப்பொடியாக முடி முளைத்திருக்கிறது, நடுவில் இன்னும் முளைக்க ஆரம்பிக்கவில்லை. நடுவில் இருப்பது அடர்த்தி அல்லவா, வர நேரம் ஆகும்.

ஏன் அக்கா படத்தை அப்படிப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள்? சபுராவும் அப்படித்தான் செய்தாள். கொடுங்கள்.

நேற்று அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். டப்பாவில் அரைத்த மாவில் செய்த ஏதோ பலகாரம். அம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "புள்ள, நாளைக்கு அந்த அம்மா கேட்டா ஷோவ்னு ஒத்த வார்த்தை சொல்லிட்டு எழுந்து வந்துடு. வேற ஒண்ணும் சேக்காத. எல்லாம் கல்யாணத்துக்கு அப்பறம் பேசிக்கலாம்" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வேடிக்கை என்னவென்றால் அவரும் அதையேதான் சொல்கிறார். "ஷோவ்னு மட்டும் சொல்லு." பன்னிரண்டு வருஷமாக அந்த நாட்டில் இருக்கிறவர்! ஷோவ் என்றால் தானாகக் கொட்டிப் போன வழுக்கை. மழித்ததற்கு வேறு வார்த்தை இருக்கிறது, ரசே. முசே கற்றுக் கொடுத்ததை நான் மறப்பேனா? ஒரு வார்த்தையில் வழுக்கையன் ஆக்கிவிட்டால் அந்த அம்மாள் காலாகாலத்துக்கும் அப்படியே எழுதி வைத்துவிடுவாள். நான் சரியாகச் சொல்லப்போகிறேன். "மழித்திருக்கிறார். வேண்டுதல். மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். கறுப்பாக, அடர்த்தியாக, அலை அலையாக." நேற்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ஒரு தடங்கல் இல்லை.

என்ன கேட்டீர்கள்? தொட்டுப் பார்த்திருக்கிறேனா?

சீ. கல்யாணத்துக்கு முன்னாலா? நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை.

இல்லை அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. எனக்குச் சவுரி மாதிரி அவருக்கும் ஏதாவது. ஆண்கள் எங்கேயாவது சவுரி வைப்பார்களா? அப்படி வைத்தால் கண்டுபிடிக்க முடியாதா? நேராக எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான். உங்கள் கம்மல் திருகை ஒரே பார்வையில் சொன்னேனே. முசேயின் காலரைப் பார்த்தவள் நான். நீங்களும் சபுரா மாதிரியே… பெரியவர்களை ஒன்றும் சொல்லக் கூடாது, விடுங்கள்.

கடலூர் தாண்டிவிட்டோமா? எவ்வளவு சீக்கிரம்! உங்களோடு பேசியதில் தெரியவே இல்லை. ஒரு உதவி அக்கா. அந்த ஊசி லேசாக நழுவுகிற மாதிரி இருக்கிறது, கழுத்துக்கு மேலே, ஆமாம், அங்கேதான். நன்றாக அழுத்திச் செருகிவிடுங்கள். என் முடி எங்கே முடிகிறது, சவுரி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிகிறதா? தெரியவில்லை அல்லவா? உண்மையைச் சொல்லுங்கள்.

அதுதான் வேண்டும். அந்த நரைத்தலைக்காரி எப்படி உற்றுப் பார்த்தாலும் பயமில்லை. ஒட்டு முடியை ஒரே பார்வையில் கண்டுபிடிக்க என்னைப் போல ஆள் வேண்டும். அந்த ஆபீஸில் அப்படி ஒருவரும் இல்லை.